மூச்சு வாங்கினால் நடையை நிறுத்தலாமா?

‘மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது, அதனால் வீட்டிலேயே உட்கார வைத்துவிட்டோம்.’ நாகலூர் முதலான சேர்வராயன் மலைச் சிற்றூர்களிலிருந்து நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளை அழைத்துவரும் குடும்பத்தார் எம்மிடம் அடிக்கடி கூறுவது இது. அன்பினால் எடுத்த முடிவு என்பதில் ஐயமில்லை. ஆயினும், அது நோயாளியை மேலும் முடக்குகிறது என்பதே எமது கருத்து.

ஏற்காட்டுப் பகுதி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. கடற்கரையோடு ஒப்பிட, இங்கு ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. நலமான நுரையீரல் இதனை ஈடுசெய்துவிடும். பீடி, சிகரெட்டாலோ விறகடுப்புப் புகையாலோ பழுதுற்ற நுரையீரலுக்கு அது எளிதன்று. ஆக்சிஜன் குறையும்போது நுரையீரலின் இரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. அவற்றினுள் இரத்தத்தைச் செலுத்த இதயத்தின் வலப்பக்கம் கூடுதலாக உழைக்க நேர்கிறது. வெளியேறாமல் தேங்கும் காற்றோ, இதயம் முழுமையாக நிரம்புவதைத் தடுக்கிறது. இந்நிலையில் உட்கார்ந்தே இருந்தால் கால் தசைகளும் மெலிகின்றன. மெலிந்த கால்கள் சிறு நடைக்கும் மிகுதியான மூச்சைக் கேட்கின்றன.

எனவே, இன்ஹேலரோடு நின்றுவிடாமல் இரண்டு சோதனைகளைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்: இதயத்திற்கு எக்கோ, உடல் தாங்குதிறனுக்கு 6 நிமிட நடைச் சோதனை. சமதளத்தில் நடக்கும் அச்சோதனையில், இளைப்பு வந்தால் நின்று ஓய்வெடுக்கலாம். அதன்பின் இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில் வாரம் இருமுறையேனும், 6 முதல் 8 வாரங்கள் பயிற்சி செய்தால், பழுதுற்ற நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாவிடினும், கால்கள் வலுப்பெறும், இளைப்பு தணியும்.

2023 நவம்பரில் தமிழக அரசு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டத்தைத் தொடங்கியது. வரவேற்கிறோம். எம் நோயாளிகளுக்கு வேண்டுவதோ 30 மீட்டர் சமதளமும் உடன்நடக்க ஒருவரும்தான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறை சிகிச்சையை வீடுதேடிக் கொண்டுசெல்கிறது. மலைவாழ் நுரையீரல் நோயாளிகளின் நடைப்பயிற்சிக்கும் அதில் உரிய இடம் வேண்டும்.

கால் வீக்கம், நெஞ்சுவலி, மயக்கம், உதடு நீலமாதல் ஆகியவை தோன்றினால் பயிற்சியை நிறுத்தி, உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். மற்ற நாள்களில், அவரை உட்கார வைக்கப் பிடித்த கையை விடாமல், மருத்துவர் சொன்ன தூரம் உடன் நடந்து வாருங்கள்.