பூச்சிகளை எண்ணுமுன் இனம் பிரித்தல் வேண்டும்

நிலத்தில் எத்தனை வகை உயிர்கள் வாழ்கின்றன என்று கணக்கிடுவது ஆராய்ச்சியாளருக்கு மட்டும் உரிய வேலை எனக் கமக்காரர் பலர் கருதுகின்றனர். அக்கருத்துச் சரியன்று. மருந்து தெளிப்பதா, பொறுத்திருப்பதா என்ற கேள்விக்கான விடையிற் பெரும்பகுதி அக்கணக்கிலேயே அடங்கியுள்ளது.

கண்டக்குழி போன்ற இடங்களில் இக்கேள்வி பணத்தை மட்டுமன்றிக் கிணற்றையும் பற்றியது. கற்பிட்டிக் குடாநாடு மேற்கே கடலும் கிழக்கே புத்தளம் களப்பும் சூழ்ந்த மணற்பூமி. மிளகாயும் வெங்காயமும் மரக்கறிகளும் பெரும்பாலும் கிணற்று நீரால் விளைவன. மணலில் இட்ட உரமும் தெளித்த நஞ்சும் நீரோடு கீழிறங்கி அக்கிணற்றையே சேரக்கூடும். ஆதலின் வேண்டாத தெளிப்பு ஒவ்வொன்றும் இரட்டை நட்டமாகும்.

பத்தலகொட காட்டும் பாடம்

அயல் மாவட்டமான குருநாகலில், பத்தலகொட நீர்ப்பாசன நெல்வயலொன்றில் சன்னா பம்பரதெனியவும் அவருடன் சேர்ந்தோரும் நடத்திய ஆய்வு 2004ஆம் ஆண்டில் வெளியாயிற்று. முதுகெலும்பற்ற உயிர்கள் மட்டும் 494 இனங்கள் அங்கே காணப்பட்டன. அவற்றுள் 405 கணுக்காலிகள். அக்கணுக்காலிகளில் நெல்லைத் தாக்கும் பூச்சிகள் 55; அப்பூச்சிகளை அழிக்கும் இயற்கை எதிரிகள் 200. இனக்கணக்கில் ஒரு பகைக்கு மூன்றுக்கு மேற்பட்ட நட்பு உண்டு. வயலில் ஊர்வன யாவும் பகையென்று தெளிப்பவர் தம் காவலாளரையும் சேர்த்தே அழிக்கின்றார்.

கணக்கு செய்யும் முறை

இரண்டு பாத்திகளில் ஐந்தைந்து இனமாக நூறு நூறு பூச்சிகள் அகப்பட்டன என்று கொள்வோம். முதற் பாத்தியில் இனத்துக்கு 20 பூச்சிகள். மற்றதில் ஓரினம் 96. ஏனைய நான்கும் ஒவ்வொன்று. இரண்டிலும் இனங்கள் ஐந்தே; ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. 1949இல் சிம்சன் வகுத்த முறைப்படி ஒவ்வோர் இனத்தின் பங்கையும் வர்க்கித்துக் கூட்டி, அத்தொகையால் ஒன்றை வகுத்தால், முதற் பாத்திக்கு 5 என்றும் மற்றதற்கு ஏறக்குறைய 1.08 என்றும் விடை வரும். இரண்டாவது பாத்தி பெயருக்கே ஐந்தினம் உடையது. உண்மையில் ஓரினத்தின் ஆட்சி.

இக்கணக்கை இன்று கணினி நொடிப்பொழுதிற் செய்கின்றது. 2001இல் வெளிவந்த ‘பாஸ்ட்’ என்னும் மென்பொருளும், ‘ஆர்’ மொழியில் இயங்கும் ‘வீகன்’ தொகுதியும் விலையின்றிக் கிடைக்கின்றன.

ஒற்றை எண் போதாது

எனினும் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. எல்லா உயிர்களையும் ஒன்றாகக் கலந்து பெறும் எண், பயிரின் நிலையைக் காட்டாது. அழுக்கணவன், பனிப்பூச்சி, வெண் ஈ எனப் பகையினங்கள் பெருகினாலும் அவ்வெண் உயரும். சிலந்தியும் பொறிவண்டும் ஒட்டுண்ணிக் குளவியும் பெருகினாலும் உயரும். எனவே பயிருண்பன, அவற்றை உண்பன, அழுகற் பொருளை உண்பன என மூன்று கூட்டங்களாகப் பிரித்து, கூட்டத்துக்குள்ளேயே கணக்கிட வேண்டும். மூன்றாங் கூட்டத்தையும் அற்பமாக எண்ணலாகாது. யாவாத் தீவின் நெல்வயல்களில் நடந்து 1996இல் வெளியான ஆய்வு, பகைப்பூச்சி வருமுன்னரே இக்கூட்டத்தை உண்டு சிலந்தி முதலியன பெருகி நிற்பதைக் காட்டியது.

ஒப்பிடும்போது அளவும் ஒத்திருத்தல் வேண்டும். ஒரு பாத்தியில் பத்துச் செடியும் மற்றதில் ஐம்பது செடியும் பார்த்தால், அதிகம் பார்த்த இடத்திலேயே அதிக இனம் தோன்றும். இக்குறையைச் சீர்செய்யும் முறைகள் மென்பொருளில் உண்டு. பிழையான பதிவைத் திருத்தும் ஆற்றல் மட்டும் எந்த மென்பொருளுக்கும் இல்லை.

கணக்கு யாருக்குரியது?

பகை பெருகும்போது எண்ணிக்கொண்டிருக்க நேரமேது என்று சிலர் வினவுவர். நியாயமான வினாவே. சிபாரிசு செய்யப்பட்ட தாக்க எல்லையைப் பகை கடந்துவிட்டால் நடவடிக்கை எடுத்தே தீரவேண்டும். இனவகை எண் அதற்குத் தடையன்று. ஆனால் எல்லையைக் கடந்ததா என்பதும் எண்ணினால் மட்டுமே தெரியும்.

இந்தோனேசிய அரசு 1986இல் 57 பூச்சிநாசினிகளை நெல்லுக்குத் தடைசெய்தது. 1989 முதல் வயற் பள்ளிகளில் உழவரே எண்ணிப் பார்த்துத் தீர்மானிக்கப் பழகினர். இங்கும் அவ்வழியே தக்கது. உத்தியோகத்தர் திரட்டும் எண்கள் அலுவலகக் கோப்பில் உறங்குவதிற் பயனில்லை. அப்போகம் முடியுமுன் அவை நிலத்துக்கு உரியவரிடம் திரும்பி வரல் வேண்டும். கமக்காரரும் அவற்றைக் கேட்டுப் பெறல் வேண்டும்.

வாரமொருமுறை, காலை வேளையில், ஒரே தொகையான செடிகளைப் பார்த்து, ஒரு கொப்பியில் மூன்று நிரல்களாகப் பதிதல் போதும். பெயர் தெரியாத பூச்சியை ஒரு போத்தலில் இட்டுப் போதனாசிரியரிடம் காட்டலாம். கணினி பின்னர் வரட்டும். கண்ணும் கொப்பியும் முன்னே செல்லட்டும்.