கடைக்குள் ஒரு சன்னல்

சௌரங்கியில் 1905-இல் எழுந்த ஒயிட்வே லெய்ட்லா பேரங்காடிக் கட்டடத்தைப் பாருங்கள்: மணிக்கூண்டு, குவிமாடம், வரிசை வரிசையாக வளைவுச் சன்னல்கள். பகலொளி உள்ளே வர வழி வைத்துக் கட்டினார்கள். இன்று பெரிய நிறுவனங்களின் தலைமைக் கடைகள் பலவும் சுவர்களை அடைத்துவிட்டு விளக்குகளைக் கொண்டே அலங்காரம் செய்கின்றன. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு விளக்கின்கீழ் ஒத்திருக்கும் இரு சாயங்கள் வேறோர் ஒளியில் பிரிந்து தோன்றும் என்பது ஒளியியல் உண்மை அன்றோ?

சென்ற பூசைக்கு ஒரு கடையில் அம்மாவுக்கென்று அரக்குச் சேலை எடுத்தேன். தெருவுக்கு வந்ததும் அது பழுப்பாயிற்று. கூடவே எடுத்த ரவிக்கைத் துணி மட்டும் அரக்காகவே நின்றது! மாற்றித்தர மறுத்துவிட்டார்கள்.

பளிங்குக்கும் கண்ணாடிக்கும் கொட்டும் பணத்தில் ஒரு சன்னலுக்கும் பங்கு ஒதுக்கட்டும். அதுவரை, நண்பர்களே, பணம் கொடுக்குமுன் துணியை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். காவலாளி முறைத்தால் முறைக்கட்டும்.