பத்து ஜிப் பையும் ஒத்தைத் தோட்டாவும்

மக்களே, போன வாரம் ஊருக்குக் கிளம்பப் பையைக் காலி பண்ணினா, பக்கவாட்டு ஜிப்புக்குள்ள சுடாத தோட்டா ஒண்ணு! இங்க துபாய்ல ரேஞ்சுக்குத் தூக்கிட்டுப் போற அதே பைதான். சென்னை ஏர்போர்ட்ல மாட்டியிருந்தா 1959 ஆயுதச் சட்டத்துல வழக்கே வரலாம். 'மறந்துட்டேன் சார்'னா யார் நம்புவா?

2004 ஏதென்ஸ் டபுள் டிராப்புல அமீரகத்தின் ஷேக் அகமதுக்குத் தங்கம், நம்ம ராத்தோருக்கு வெள்ளி. அந்த ஆசையில சுடப் போற பசங்க எல்லாரும் பத்து ஜிப் வச்ச பையைத்தான் தேடுறாங்க. நானும் அப்படித்தான் வாங்கினேன் :-(

இப்ப என் கட்சி வேற. ஜிப் கம்மியா, உள்பக்கம் வெளிர் நிறமா ஒரு பை போதும். காதுமூடி, கண்ணாடி அதுல. தோட்டா தனி டப்பாவுல. கிளம்பும்போது மிச்சத்தை எண்ணித் திருப்பிக் குடுத்துடணும். முக்கியமா, அந்தப் பை ஊர்ப் பயணத்துக்கு வரவே கூடாது.

நீங்க என்ன சொல்றீங்க?