இரத்தம் குடிக்கும் அட்டைகள்

அட்டை என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று, புத்தகத்தின் மேலட்டை; மற்றொன்று, காட்டோரத் தோட்டங்களில் வேலைக்குப் போகும் நம்மவர் காலைப் பற்றி இரத்தம் குடிக்கும் அட்டை. இவ்விரண்டும் வெவ்வேறு என்றே நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். ஆனால் காமிக்ஸ் என்னும் சித்திரக்கதைப் புத்தகங்களின் வியாபாரத்தில் ‘மாற்று மேலட்டை’ என்ற பெயரால் நடந்துவரும் சூழ்ச்சியைக் கண்டறிந்த பின்னர், அவ்வெண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டியவர்களானோம்.

‘பிள்ளைகள் பார்க்கும் படக்கதைக்காகவா ஒரு கண்டனக் கட்டுரை?’ என்று சில அன்பர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். இன்று அப்புத்தகங்களை வாங்குகிறவர்கள் பிள்ளைகள் அல்லர், சம்பளக்காரர்கள். பட்டணத்திலே கடைச் சிப்பந்தியாயும், தோட்டத்திலே நம்மைப்போல் கிராணியாயும் இருந்து மாதச் சம்பளம் வாங்கும் இளைஞர்கள். உழைத்த காசு எந்த வழியாய்ப் போனாலும், அது நியாயமான வழிதானா என்று கேட்பதற்கு நமக்கு உரிமையுண்டு.

முதலில் விஷயம் இன்னதென்று தெரியாதவர்களுக்குச் சொல்லுவோம். அமெரிக்காவில் மாதந்தோறும் வெளிவரும் ஒரு சித்திரக்கதை இதழை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே கதை ஒன்றே, படங்கள் ஒன்றே, தாளும் மையும் ஒன்றே. ஆனால் மேலட்டை மட்டும் பலவிதம். ஒன்றில் வீரன் நிற்பான், இன்னொன்றில் பறப்பான், வேறொன்றில் படமே இராது, வெறும் வெள்ளைத் தாளாயிருக்கும். இவற்றுள் சிலவற்றை வேண்டுமென்றே அரிதாக்கி, கடைக்காரருக்கு ஒரு நிபந்தனை விதிக்கிறார்கள். அந்நிபந்தனை யாதெனில், சாதாரணப் பிரதிகள் 25 வாங்கினால் அரிய அட்டை ஒன்று வாங்கலாம் என்பதே. சிலவற்றுக்கு 50, சிலவற்றுக்கு 100. அரிசி வேண்டுமானால் இருபத்தைந்து கட்டுக் கருவாடும் சேர்த்து எடு என்று ஒரு மளிகைக்காரன் சொன்னால் அவனை நாம் சும்மா விடுவோமா?

நாம் கணக்கெழுதிப் பிழைப்பவர்கள். நாள்தோறும் செம்பனைக் குலைகளின் எண்ணிக்கையையும், ஆள் பெயரையும், கூலியையும் புத்தகத்தில் ஏற்றிப் பழகிய கை இது. ஆகையால் இந்த வியாபாரத்தையும் ஒரு பக்கத்தில் பற்று வரவாக எழுதிப் பார்த்தோம். ஓர் இதழின் விலை 4 டாலர் என்று கொள்வோம். கடைக்காரர் அதனை ஏறக்குறையப் பாதி விலைக்குப் பெறுகிறார். 25 பிரதிகளுக்கு அவர் கொடுப்பது 50 டாலர். அவர் கடையில் அக்கதையை வழக்கமாகப் படிப்பவர் பத்துப் பேர்தாம் என்றால், மீதி 15 பிரதிகள், அதாவது 30 டாலர் முதல், அலமாரியில் முடங்கிக் கிடக்கும். அந்த 30 டாலரையும், அரிய அட்டைக்குக் கொடுத்த விலையையும், அதன்மேல் தம் இலாபத்தையும் சேர்த்து அவர் யார் தலையில் வைப்பார்? அந்த ஓர் அட்டையைத் தேடி வருகிற சேகரிப்போன் தலையில்தான். நூற்றுக்கு ஒன்று என்னும் அட்டையானால் மீதி நிற்பது 90 பிரதி. முடங்குவது 180 டாலர். சிறு கடைக்காரர் அதன் பக்கமே போக முடியாது.

விற்காத பிரதிகளைத் திருப்பி அனுப்பக் கூடாதா என்று கேட்கலாம். முற்காலத்தில் அமெரிக்கப் பத்திரிகைக் கடைகளில் அந்த வழக்கம் இருந்தது. விற்காத பிரதியின் மேலட்டையைக் கிழித்து அனுப்பினால் போதும், பணம் கழிக்கப்படும். ஆனால் 1970-களில் காமிக்ஸுக்கென்றே தனிக்கடைகள் தோன்றியபோது வேறோர் ஏற்பாடு வந்தது. கழிவு அதிகம் கிடைக்கும், திருப்புதல் கிடையாது. இந்த ஏற்பாட்டினால் அக்கடைகள் வளர்ந்தன என்பதை மறுக்கமாட்டோம். ஆயினும், நட்டம் வந்தால் கடைக்காரருக்கு, இலாபம் வந்தால் பிரசுரகர்த்தருக்கு என்ற நிலையும் அதனாலேயே உண்டாயிற்று. பிரசுரகர்த்தர் 25 பிரதி விற்றதாகக் கணக்கெழுதி நிம்மதியாயிருக்கிறார். படித்தவர் பத்துப் பேர்தாம் என்பது அவர் கணக்கில் வருவதில்லை. கதை எழுதுகிறவனும் படம் வரைகிறவனும், தமக்கு இத்தனை ஆயிரம் வாசகர் இருக்கின்றனர் என்று நம்பி ஏமாறுகின்றனர். இஃது எழுத்துக்குச் செய்யும் நன்மையா?

இன்னுமொன்று. 25-க்கு ஒன்று என்பது கடைக்காரருக்கு விதித்த நிபந்தனையே அன்றி, அச்சிட்ட எண்ணிக்கை அன்று. மொத்தம் எத்தனை அச்சாயின என்பதைப் பெரும்பாலும் வெளியிடுவதே இல்லை. எத்தனை உண்டு என்று தெரியாத பொருளுக்கு ‘அபூர்வம்’ என்று பெயரிட்டு விலை சொல்லுகிறார்கள். நாமும் கேள்வி கேளாமல் கொடுக்கிறோம்.

இந்த வழக்கம் நேற்று வந்ததன்று. 1986-இல் டிசி நிறுவனம் சூப்பர்மேன் கதையைப் புதிதாய்த் தொடங்கியபோது, ‘தி மேன் ஆப் ஸ்டீல்’ முதல் இதழை இரண்டு மேலட்டைகளுடன் வெளியிட்டது. இரண்டாயிருந்தது பின்னர் நான்காயிற்று, நான்கு ஐந்தாயிற்று. 1991-இல் மார்வெல் நிறுவனத்தின் ‘எக்ஸ்-மென்’ முதல் இதழ் ஐந்து அட்டைகளுடன் வந்தது; கடைகளுக்குச் சென்ற பிரதிகள் 80 இலட்சத்துக்கு மேல். 1992-இல் சூப்பர்மேன் இறந்துபோகும் இதழைக் கறுப்புப் பையிலிட்டு, துக்கத்துக்குக் கையில் கட்டும் கறுப்புப் பட்டையும் உள்ளே வைத்து விற்றனர். ஒன்று படிக்க, ஒன்று பிரிக்காமல் வைக்க என்று மக்கள் இரண்டு மூன்றாய் வாங்கினர். பிள்ளை கல்லூரிக்குப் போகும்போது இதனை விற்றுச் சம்பளம் கட்டலாம் என்று மனக்கோட்டை கட்டியவரும் உண்டு. இறந்த சூப்பர்மேன் அடுத்த ஆண்டே உயிர் பெற்று எழுந்துவிட்டான். போட்ட பணந்தான் எழவில்லை. 80 இலட்சம் பிரதிகளுக்கு மேல் கடைகளுக்குச் சென்ற பொருள் எப்படி அபூர்வமாகும்? அந்த எக்ஸ்-மென் இதழைப் பெட்டி பெட்டியாய் வைத்துக்கொண்டு வாங்க ஆளின்றித் தவித்தவர் ஏராளம். 1990-களின் நடுவில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான காமிக்ஸ் கடைகள் மூடப்பட்டன. 1996 டிசம்பரில் மார்வெல் நிறுவனமே திவால் மனுக் கொடுத்தது. அதற்குக் கடன் முதலிய வேறு காரணங்களும் உண்டெனினும், ஊதிப் பெருக்கிய வியாபாரம் சுருங்கியதும் ஒரு காரணமாகும்.

இதற்குப் பின்னராவது புத்தி வந்ததா? 2013-இல் டிசி நிறுவனத்தின் ‘ஜஸ்டிஸ் லீக் ஆப் அமெரிக்கா’ முதல் இதழ், அமெரிக்க மாநிலம் ஐம்பதுக்கும் ஐம்பது கொடி, தலைநகருக்கு ஒன்று, புவர்ட்டோ ரிக்கோவுக்கு ஒன்று என்று 52 மாற்று அட்டைகளுடன் வந்தது. அண்மைக் காலத்தில் சிலர் அதனினும் ஒருபடி மேலே போய், எந்த அட்டை உள்ளேயிருக்கிறதென்று தெரியாதபடி பையிலே மூடி விற்கிறார்கள். நாலு நம்பர் எழுதுகிறவனைப் பார்த்துச் சூதாடி என்று ஏசுகிற நாம், இதற்கு மட்டும் ‘கலை ஆர்வம்’ என்று பெயர் வைப்பது என்ன நியாயம்?

நிற்க. அபூர்வம் என்பதே பொய் என்று நாம் சொல்லவில்லை. 1938-இல் சூப்பர்மேன் முதன்முதல் தோன்றிய ‘ஆக்ஷன் காமிக்ஸ்’ முதல் இதழின் விலை 10 காசு. அதன் பிரதி ஒன்று 2024-இல் 60 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. ஏன்? அதனை வாங்கிய பிள்ளைகள் படித்தார்கள், கை மாற்றினார்கள், கிழித்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பழைய காகிதம் சேர்த்துக் கொடுத்தபோது கட்டுக்கட்டாய்ப் போயின. எஞ்சியவை சில. நம் தமிழிலும் அப்படியே. 1972-இல் சிவகாசியிலிருந்து ‘இரும்புக்கை மாயாவி’யுடன் தொடங்கிய முத்து காமிக்ஸின் ஆதி இதழ்கள் கிடைப்பது இன்று அரிது. அவற்றை யாரும் அரிதாக அச்சிடவில்லை. படித்துப் படித்து அரிதாக்கினார்கள். வாசகன் கை பட்டுத் தேய்ந்து குறைந்தது உண்மையான அபூர்வம். அச்சுக்கூடத்திலேயே குறைத்து வைத்தது வியாபாரியின் அபூர்வம். முன்னதற்கு எவ்வளவு கொடுத்தாலும் அது வாங்குகிறவன் விருப்பம். பின்னதற்குக் கொடுப்பது ஏமாளித்தனம்.

அந்த ஏமாளித்தனத்திலிருந்து நாம் தப்பினோம் என்று வாசகர்கள் கருதிவிட வேண்டாம். ஆங்கிலப் பள்ளியில் படித்த காலத்தில் நமக்கு அம்மொழியின்மேல் பற்று உண்டாகக் காரணமாயிருந்தவை, பழைய புத்தகக் கடையில் கட்டாகக் கட்டிப் போட்டிருந்த மேலட்டையில்லாத காமிக்ஸ் புத்தகங்கள். முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் இல்லாதவையும் உண்டு. கதை எப்படி முடிந்ததென்று நாமே கற்பித்துக்கொள்வோம். அட்டையில்லாமல் இவ்வளவும் கற்றுக்கொண்ட நாமேதாம், சம்பளக்காரரான பின்னர் அட்டைக்கென்றே பணம் கொடுக்கத் துணிந்தோம்.

ஈராண்டுக்கு முன்னர், பட்டணத்துக் கடையொன்றில் 25-க்கு ஒன்று என்னும் அட்டையொன்றை 195 வெள்ளிக்கு வாங்கினோம். 2025 முதல் இந்நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. 26 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்குச் சுமார் 65 வெள்ளி. அதாவது நாம் கொடுத்தது, வெயிலிலே குலை வெட்டும் ஓர் ஆளின் மூன்று நாள் கூலி. வாங்கியதை உறையிலிட்டு, அட்டைப் பலகை வைத்து, அலமாரியில் பூட்டினோம். பள்ளி விடுமுறைக்கு வந்த அக்காள் மகன், பத்து வயதுப் பையன், ஒருநாள் அதனை எடுத்துவிட்டான். ‘தொடாதே!’ என்று கத்தினோம். அவன் பயந்து மேசைமேல் வைத்துவிட்டு, ‘மாமா, இதற்குள்ளே என்ன கதை?’ என்று கேட்டான். நமக்கு விடை தெரியவில்லை. ஏனென்றால் நாம் அதனைப் பிரித்ததே இல்லை. ஒரு புத்தகத்தை ஆறு மாதம் வைத்திருந்தும் அதனுள் இருப்பது இன்னதென்று பத்து வயதுப் பையனுக்குச் சொல்ல முடியாத நாம் படித்தவர்களாம்! அன்று அடைந்த வெட்கமே இக்கட்டுரை எழுதக் காரணம். பின்னர் அதே கடையில் அதே அட்டை 40 வெள்ளிக்குக் கிடந்ததைக் கண்டபோதுகூட அவ்வளவு வெட்கம் உண்டாகவில்லை.

நமக்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்களையும் பார்ப்போம். ‘உன்னை யார் வாங்கச் சொன்னது?’ என்பது ஒன்று. யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை என்பது மெய்தான். ஆயினும் ஒரு தொடரை முழுமையாகச் சேர்க்க வேண்டுமென்னும் ஆசை வாசகனுக்கு இயல்பு என்றறிந்து, அந்த முழுமையை எட்டாதபடி வேண்டுமென்றே தள்ளித் தள்ளி வைப்பது நேர்மையான வியாபாரம் ஆகுமா? ‘சித்திரக்காரருக்கு வேலை கிடைக்கிறதே’ என்பது இரண்டாவது. நல்லது, கிடைக்கட்டும். அழகான அட்டைகள் பத்து வேண்டுமானாலும் வரையட்டும். அவற்றை எல்லாருக்கும் ஒரே விலையில் கொடுப்பதற்குத் தடை என்ன? அப்படிக் கொடுக்கும் மாற்று அட்டைகளும் உண்டு. அவற்றோடு நமக்குச் சண்டையில்லை. பின்னர் கதைகளைத் தொகுத்து நூலாக வெளியிடும்போது பல அட்டைப் படங்களைக் கடைசியில் சேர்த்து அச்சிடும் வழக்கமும் இருக்கிறது. படத்தின் அழகை விரும்புகிறவனுக்கு அதுவே போதும். ‘பின்னால் விலை ஏறும்’ என்பது மூன்றாவது. 1991-இல் வாங்கியவர்களைக் கேளுங்கள்.

புத்தகங்களை ஆராய்ந்து, 10 வரை மதிப்பெண் போட்டு, கண்ணாடிபோன்ற பெட்டியில் வைத்து மூடித் தரும் நிறுவனங்களும் இருக்கின்றன. சிஜிசி என்பது 2000-ஆம் ஆண்டில் தொடங்கியது. எண்பது ஆண்டுப் பழம் பிரதியில் யாரேனும் ஒட்டு வேலை செய்திருக்கிறார்களா என்றறிய அது பயன்படும். ஆனால் நேற்று அச்சான புத்தகத்தை இன்றே பெட்டியில் மூடினால் அது புத்தகமாகுமா? பிரித்தால் மதிப்புப் போம். பிரிக்காவிட்டால் கதை போம்!

ஆகவே, சேகரிக்கும் பழக்கமுள்ள இளைஞர்களுக்கு நாம் சொல்லுவது இது. சேகரியுங்கள், வேண்டாமென்று சொல்லமாட்டோம். ஆனால் படித்ததைச் சேகரியுங்கள். உங்களுக்கு எந்தக் கதையும் ஓவியமும் பிடித்ததோ அதனை அச்சிட்ட விலைக்கு வாங்குங்கள். 25-க்கு ஒன்று, 100-க்கு ஒன்று என்னும் எதனையும் இனித் தொடுவதில்லை என்று உறுதி கொள்ளுங்கள். மூடிய பைக்குள் இருப்பதை வாங்காதீர்கள். வீட்டிலே உறையிலிட்டுப் பூட்டி வைத்திருப்பவற்றை வெளியே எடுத்து, தோட்டத்துப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். கிழிந்தால் கிழியட்டும், அப்பிள்ளைகளுள் ஒருவன் படிக்கக் கற்றுக்கொண்டால் கொடுத்த விலை வந்துவிட்டது என்று வரவில் எழுதிக்கொள்ளலாம். நாம் வாங்கிய 195 வெள்ளிப் புத்தகம் இப்பொழுது அக்காள் மகனிடம் இருக்கிறது. அதன் முனை மடிந்துவிட்டது. நடுவில் காப்பிக் கறையும் உண்டு. கதையை அவன் நமக்குச் சொன்னான், நன்றாகவே இருந்தது.

காலில் அட்டை ஏறினால் நம்மவர் என்ன செய்வார்கள்? அதனோடு வாதாடிக்கொண்டிருப்பதில்லை; ஒரு சிட்டிகை உப்பை எடுத்து வைப்பார்கள், அது தானே சுருண்டு விழும். இந்த அட்டைக்கும் உப்பு நம் கையிலேயே இருக்கிறது. சட்டைப் பைக்குள் போகும் கையை நிறுத்துங்கள், அது போதும்.