ரேஷன் பையில் பருப்பு போதவில்லை

மாண்புமிகு உணவுத்துறை அமைச்சர் அவர்களுக்கு,

மாதம் பிறந்ததும் எந்த ரேஷன் கடை வாசலில் நின்றாலும் ஒரு கேள்வி காதில் விழும்: "பருப்பு வந்துடுச்சா?" அரிசியை யாரும் அப்படிக் கேட்பதில்லை, அது இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பருப்பு வந்த சேதி தெருவுக்குள் போனால்தான் பெண்கள் ஸ்மார்ட் கார்டும் கையுமாக விரைந்து வருகிறார்கள். 2024 மே, ஜூன் மாதங்களில் துவரம்பருப்புக்கும் பாமாயிலுக்கும் தட்டுப்பாடு வந்தபோது, இரண்டு, மூன்று முறை நடந்து வெறும் பையோடு திரும்பியவர்கள் பலர்.

தட்டுப்பாடே இல்லாத மாதத்தின் கணக்கையும் பார்க்க வேண்டும். நான்கு பேர் உள்ள முன்னுரிமை அட்டைக்கு 20 கிலோ அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பருப்பு 30 ரூபாய்க்கு ஒரு கிலோ, அவ்வளவுதான். ஒரு கிலோவை நான்கு பேருக்கும் 30 நாளுக்கும் பங்கிட்டால் ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராம் சொச்சம். இரண்டு தேக்கரண்டி. சாம்பாரில் அது நிறம் காட்டும், உடம்பில் ஒட்டாது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், பருப்பு, முட்டை, இறைச்சி வகைக்கு நாளொன்றுக்கு 85 கிராம் என்று இருக்கிறது. மீதியை வெளிக்கடையில் வாங்கலாம்தான். அங்கே துவரம்பருப்பு கிலோ 100 ரூபாயைத் தாண்டி நிற்கிறது.

விளைவு தேசியக் குடும்பநல ஆய்வில் (2019-21) பதிவாகியிருக்கிறது. தமிழ்நாட்டுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. 40 பேருக்கு அளவுக்கு மிஞ்சிய எடை. வயிறு நிறைகிறது, சத்து சேரவில்லை.

இதற்குச் சிறுதானியமே தீர்வு என்று மேடைகளில் பேசப்படுகிறது. 2023-ல் நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதில் கேழ்வரகு தர அரசு தொடங்கியது நல்ல காரியம். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் பத்தைத் தொடாது. களியும் கூழும் பழகிய இந்த ஊர்களைப் போலவே கிருஷ்ணகிரிக்கும் சேலத்துக்கும் அது போக வேண்டும். ஆனால் அதிக எடையோடு சேர்ந்து வரும் சர்க்கரை நோயைத் தடுக்கக் கேழ்வரகு மட்டும் போதாது. சென்னையின் நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2025-ல் வெளியானது. இந்தியர் உண்ணும் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றும், மொத்த மாவுச்சத்து குறையாமல் அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ சாப்பிடுவதால் ஆபத்து குறையவில்லை என்றும் அது சொல்கிறது. மாவுச்சத்தில் சிறு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பால் போன்றவற்றின் புரதம் சேர்ந்தால் ஆபத்து குறையும் என்பதே அதன் முடிவு. ரேஷன் பையில் குறைவாக இருப்பதும் அந்தப் புரதமே.

அரிசியிலும் ஒரு குறை இருக்கிறது. இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்த மணிகளை நூறுக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்து தருகிறீர்கள். களையும்போது அந்த மணி மிதக்கிறது, நிறமும் சற்று வேறுபடுகிறது. "பிளாஸ்டிக் அரிசி" என்று பொறுக்கி எறிந்துவிடுகிறார்கள். ரத்தசோகைக்காகக் கலந்ததே குப்பைக்குப் போகிறது! எடை போடுபவர் ஒரு வரி சொன்னால், தராசுக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு தட்டி வைத்தால், பாதி பயம் போய்விடும்.

கேட்பது இதுதான்: பருப்பை இரண்டு கிலோவாக்குங்கள், முன்பு தந்து நிறுத்திய உளுந்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள், பாசிப்பயறையும் சேர்த்து. நிதிச்சுமை பெரியது, உண்மை. ஆனால் உளுந்தும் பாசிப்பயறும் நம் மண்ணிலேயே விளைகின்றன. டெல்டாவில் சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு ஈரவயலில் உளுந்தும் பயறும் விதைத்து, மிச்ச ஈரத்திலேயே வளர்த்தெடுப்பது பழைய வழக்கம். நெல்லுக்கு வாசலிலேயே நேரடி கொள்முதல் நிலையம் இருக்கிறது. இந்தப் பயறுக்கோ பெரும்பாலும் வியாபாரி சொன்னதே விலை. நுகர்பொருள் வாணிபக் கழகமே நேராக வாங்கி ரேஷனுக்கு அனுப்பினால் தஞ்சாவூர், திருவாரூர், நாகை விவசாயிக்கும் பிடிமானம் கிடைக்கும். தை விதைப்புக்கு முன்பே விலையையும் கொள்முதல் அளவையும் அறிவித்துவிட்டால் எவ்வளவு விதைப்பது என்று அவர் முடிவு செய்வார்; பங்குனி, சித்திரையில் மூட்டை உங்கள் கிடங்குக்கு வந்துவிடும்.