தம்புள்ளைச் சந்தை: இடம் மாறியது, அதிகாரம் மாறவில்லை

தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையம் 1999 ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்டது. மரக்கறி மொத்த வர்த்தகம் கொழும்பை மட்டும் நம்பியிராமல், விவசாயிகளுக்கு அண்மையிலும் நடைபெற அது வழிவகுத்தது. இன்று நுவரெலியா கரட்டும் யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காயமும் இங்கு விலை பெற்று நாடெங்கும் செல்கின்றன. இதன் பயனை எவரும் மறுக்க முடியாது.

எனினும், சந்தை இடம் மாறிய அளவுக்குத் தீர்மானிக்கும் அதிகாரம் இடம் மாறவில்லை. மாத்தளை மாவட்டத்தின் பெரிய வெங்காயச் செய்கையாளர்களைக் கேட்டால் இது புரியும். இறக்குமதி வெங்காயத்தின் மீதான விசேட பண்ட வரியைக் கூட்டுவதும் குறைப்பதும் கொழும்பில் நிதியமைச்சின் முடிவு. அறுவடைக் காலத்தில் அம்முடிவு பிசகினால், நட்டம் தம்புள்ளை வயலில் விழுகிறது.

ஐரோப்பாவின் அனுபவம் இங்கு கவனிக்கத்தக்கது. நெதர்லாந்தின் புரூக் ஒப் லாங்கடைக் கிராமத்தில் 1887 இல் மரக்கறி ஏலவிற்பனை தொடங்கியது. அரச ஆணையால் பிறந்ததல்ல அது. 1911, 1912 ஆம் ஆண்டுகளில் ஆல்ஸ்மீர் பகுதி மலர்ச் செய்கையாளர்கள் கூட்டுறவாக ஏலச் சந்தைகளை நிறுவினர். இவற்றின் வழிவந்த ஃபுளோரா ஹொலண்ட், இன்று உலகின் மிகப் பெரிய மலர்ச் சந்தை. அதுவும் ஒரு மத்திய நிலையமே. ஆனால் அதன் உரிமையாளர்கள் செய்கையாளர்கள். அதேவேளை விவசாய ஆராய்ச்சியையும் உயர்கல்வியையும் வாகனிங்கன் போன்ற அரச நிறுவனங்கள் வளர்த்தன. மத்திக்குரியது மத்தியிடமும், மக்களுக்குரியது மக்களிடமும் இருந்தன.

நமது நாட்டில் 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் விவசாயத்தின் பெரும்பகுதியை மாகாண சபைகளிடம் ஒப்படைத்தது. ஆனால் 2013 இல் தெரிவான மத்திய மாகாண சபையின் பதவிக்காலம் 2018 இல் முடிவடைந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் தேர்தலின்றி ஆளுநரின் கீழேயே மாகாணம் நிர்வகிக்கப்பட்டு வந்துள்ளது.

இந்திய உதவியுடன் அமைக்கப்பட்ட 5,000 மெற்றிக் தொன் கொள்ளளவுடைய குளிரூட்டப்பட்ட களஞ்சியசாலை, 2025 ஏப்ரலில் தம்புள்ளையில் திறந்துவைக்கப்பட்டது. வரவேற்கத்தக்க முயற்சி. ஆயினும் அங்கு யாருடைய விளைபொருளுக்கு முதலிடம், என்ன கட்டணம் என்பவற்றைத் தீர்மானிக்கும் மேசையில் விவசாயிக்கும் ஓர் ஆசனம் வேண்டும். அது கிடைக்காதவரை, விளைவிப்பவன் தன் விளைபொருளின் விலையைப் பிறர் சொல்லக் கேட்டுத் திரும்பும் நிலையே தொடரும்.