விளம்பரத்தில் உண்டு, வாரண்டியில் இல்லை

1927 அக்டோபரில் லண்டன் தட்டச்சர் மெர்சிடிஸ் கிளைட்ஸ் ஆங்கிலக் கால்வாயில் இறங்கினார். அந்த மாதத் தொடக்கத்தில் அவர் கால்வாயைக் கடந்ததைச் சிலர் நம்பவில்லை. அதனால் மீண்டும் இந்த முயற்சி. குளிர் தாங்காமல், பத்து மணி நேரத்துக்குப் பிறகு அவரைப் படகில் ஏற்ற வேண்டியதாயிற்று. அவர் கழுத்தில் தொங்கிய ரோலெக்ஸ் ஆய்ஸ்டர் கடிகாரம் மட்டும் நிற்கவில்லை. அடுத்த மாதம் ‘டெய்லி மெயில்’ முதல் பக்கத்தில் அதுவே விளம்பரமாக வந்தது. அந்தக் கடிகாரம் நனைந்தது உண்மையான கடலில், உப்புத் தண்ணீரில்.

இன்றைய செல்போன் நனைவது ஆய்வகத் தொட்டியில். 1976-ல் வந்த ஐ.இ.சி. 60529 என்ற தரநிலைதான் நீரை எவ்வளவு தாங்கும் என்று பெட்டியில் அச்சாகும் ஐ.பி. எண்ணுக்கு ஆதாரம். ஐ.பி.67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். ஐ.பி.68-ல் ஆழத்தையும் நேரத்தையும் தயாரிப்பாளரே சொல்லிக்கொள்ளலாம். நல்ல தண்ணீர், அசையாத தண்ணீர், புத்தம்புதுக் கருவி. சோதனையில் பொய் இல்லை. அதன் முடிவை நீச்சல் குளத்துப் படமாக்கி விற்பதுதான் தவறு.

ஆஸ்திரேலியாவில் சாம்சங் செய்தது அதைத்தான். 2016 முதல் 2018 வரை வந்த விளம்பரங்களில் கேலக்ஸி போன்கள் குளத்திலும் கடலிலும் மூழ்கின. ஈரம் காயாமல் சார்ஜ் போட்டால் என்ன ஆகும்? உப்போ குளோரினோ கலந்த நீர்த்துளி வழியாக மின்சாரம் பாய்ந்து, சார்ஜிங் போர்ட்டுக்குள் இருக்கும் மெல்லிய உலோக முனைகளை அரித்துவிடும். பிறகு போனில் சார்ஜ் ஏறாது. நிறுவனமே இதை ஒப்புக்கொண்டது. 2022-ல் நீதிமன்றம் 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

இத்தாலியில் நடந்ததை நான் இதைவிடப் பெரிதாக நினைக்கிறேன். 2020-ல் அந்நாட்டுப் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோ அபராதம் போட்டபோது இரண்டு குற்றங்களைச் சொன்னது. ஆய்வக நிபந்தனைகளைத் தெளிவாகச் சொல்லவில்லை என்பது ஒன்று. தண்ணீரைத் தாங்கும் என்று விற்றுவிட்டு, தண்ணீரால் பழுதானால் வாரண்டி கிடையாது என்றது மற்றொன்று. பல ஐபோன்களின் சிம் கார்டு இடுக்குக்குள் ஒரு சிறு அடையாளம் ஒட்டியிருக்கும். நீர் பட்டால் சிவப்பாகிவிடும். சர்வீஸ் சென்டரில் டார்ச் அடித்து முதலில் பார்ப்பது அதைத்தான். தாங்கும் என்று சொன்ன நிறுவனமே, நனைந்ததற்குச் சாட்சியை உள்ளே வைத்து அனுப்புகிறது. மாதத் தவணையில் போன் வாங்கியவருக்கு இது பெரிய அநீதி.

கடிகாரத் தொழில் இதில் நேர்மையான ஒரு வழக்கத்தை வளர்த்தது. நீர் புகாமல் கடிகாரத்தை அடைக்கும் ரப்பர் வளையம் காலப்போக்கில் இறுகிப் பிடிமானம் இழக்கும் என்பதால், சர்வீசுக்கு வரும்போது நல்ல கடைக்காரர் அதை மாற்றி, அழுத்தச் சோதனை செய்துதான் திருப்பித் தருவார். போனிலும் அடைப்பது ரப்பரும் பசையும்தான். கீழே விழுந்தாலும், திரை மாற்றத் திறந்தாலும், வெறுமனே நாள்பட்டாலும் அது தளரும். தயாரிப்பாளர்களும் இதை மறுப்பதில்லை; பொடி எழுத்தில் போட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

பழுது பார்த்துத் திருப்பித் தரும் ஒவ்வொரு போனுக்கும் அழுத்தச் சோதனையைக் கட்டாயமாக்க வேண்டும். விளம்பரத்தில் எந்தத் தண்ணீரைக் காட்டுகிறார்களோ, அந்தத் தண்ணீரால் வரும் பழுதுக்கு வாரண்டி தந்தாக வேண்டும். அதற்குத் துணிவில்லாத நிறுவனத்தை அந்தப் படத்தை எடுக்க அனுமதிக்கக் கூடாது.